உயிர்க்கணக்கு – 9: கடிகாரத்துக்கு வலிக்குமா?

சென்ற இதழில் தாமஸ் அக்வினாஸோடு நிறுத்தியிருந்தோம். செடிக்கு வளரும் ஆன்மா, விலங்குக்கு உணரும் ஆன்மா, மனிதனுக்குச் சிந்திக்கும் ஆன்மா என்று அரிஸ்டாட்டில் பிரித்து வைத்ததைத் திருச்சபை எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டு ஒரு நிபந்தனையும் சேர்த்தது: மூன்றாவது மட்டும் சாகாது, மற்ற இரண்டும் உடம்போடு போய்விடும். மீன்களையும் பறவைகளையும் ஊர்வனவற்றையும் ஆளும்படி ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்திலேயே மனிதனுக்குப் பட்டா எழுதியாகிவிட்டது. அதனால் விலங்கிடம் எப்படி நடந்துகொள்வது என்பது தனிக் கேள்வியாகவே எழவில்லை. மாட்டை வதைத்துப் பழகியவன் நாளை மனிதனையும் வதைப்பான், ஆகவே வேண்டாம் என்ற அளவில் அக்வினாஸ் முடித்துக்கொண்டார்.

முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த ஏற்பாடு பெரிய சச்சரவில்லாமல் ஓடியது. அதைப் பலமாக உலுக்கியவர் போர்தோவுக்கு அருகே தன் கோபுர நூலகத்தில் உட்கார்ந்து எழுதிய மிஷேல் தெ மொந்தேன். 1580இல் முதலில் அச்சேறி, அவர் சாகும்வரை திருத்திக்கொண்டே இருந்த கட்டுரைகளில் ஆக நீளமானது மனிதனின் அகந்தையைத் தோலுரிப்பது. பூனையோடு தான் விளையாடுகிறோமா, பூனை தன்னை வைத்துப் பொழுதுபோக்குகிறதா, யார் கண்டது என்று அதில் கேட்டார். சிலந்தி, யானை, எறும்பு, மீன் என்று அவர் அடுக்கிய சாட்சிகளில் பாதி பழைய கிரேக்க ஏடுகளில் வந்த கட்டுக்கதைகள். இருந்தும் கேள்வி தைத்தது.

தைத்த கேள்வி அரசவை வரை போனது. 1615இல் கேம்பிரிட்ஜுக்கு வந்த முதலாம் ஜேம்ஸ் மன்னர் முன்னிலையில் ஒரு பட்டிமன்றம் நடந்தது. தலைப்பு: நாய் தர்க்கம் செய்யுமா? ஜான் பிரெஸ்டன் நாயின் பக்கம். முயலைத் துரத்தி முச்சந்திக்கு வரும் வேட்டை நாய், இரண்டு வழிகளை முகர்ந்து பார்த்துவிட்டு, மூன்றாவதை முகராமலே பாய்ந்து ஓடுகிறதே, அது தர்க்கம் இல்லையா என்றார். மாத்யூ ரென் எதிர்ப்பக்கம். நாயிடம் இருப்பது மூக்கு மட்டுமே என்றார். வேட்டைப் பைத்தியமான மன்னருக்குப் பொறுக்கவில்லை. புதுத் தடம் கண்ட தன் நாய் ஒன்று, தனியாக ஓடாமல் திரும்பி வந்து, குரைத்துக் கூப்பிட்டு, கூட்டாளிகளை அழைத்துப் போன கதையைச் சொன்னார். அரசரின் நாய்களுக்கு மட்டும் தனிச் சலுகை உண்டு போலும் என்று ரென் பின்வாங்கினார். அவர் பிற்காலத்தில் பிஷப் ஆனதில் வியப்பில்லை.

இந்தக் கேளிக்கைக்கெல்லாம் முற்றுப்புள்ளி வைக்க வந்தவர் ரெனே டெகார்ட். விலங்கு ஒரு எந்திரம் என்று அறிவித்தவர் என்பதால் ஈவிரக்கமற்ற ஆளாக அவரை வரைவது வழக்கம். கடிதங்களைப் படித்தால் வேறு ஒருவர் தெரிகிறார்.

1628க்குப் பிறகு அவர் டச்சு நாட்டில் ஊர் மாறி ஊர் வசித்தார். ஆம்ஸ்டர்டாமில் ஒரு குளிர்காலம் முழுக்க ஏறக்குறைய நாள்தோறும் கசாப்புக்காரர் வீட்டுக்குப் போய் விலங்குகளை அறுப்பதைப் பார்த்ததாகவும், நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டிய உறுப்புகளைத் தன் அறைக்கே கொண்டுவரச் சொன்னதாகவும் 1639இல் நண்பர் மெர்சென்னுக்கு எழுதினார். செத்ததை மட்டும் பார்க்கவில்லை. இதயம் எப்படித் துடிக்கிறது என்று அறிய உயிரோடு முயலின் மார்பைத் திறந்ததை லூவன் பேராசிரியர் ப்ளெம்பியுஸுக்கு 1638இல் விவரித்திருக்கிறார். நரம்பைத் தொட்டால் கால் உதைக்கிறது, ரத்தம் வெப்பத்தில் பொங்கி ஓடுகிறது. இதில் ஆன்மாவுக்கு எங்கே வேலை? சான் ஜெர்மேன் அரண்மனைத் தோட்டத்தில் நீரின் விசையால் இயங்கும் பொம்மைகள் இருந்தன. கல்லை மிதித்தால் குளிக்கும் தேவதை நாணலுக்குள் ஒளிவாள், கடல் தெய்வம் சூலாயுதத்தோடு முன்னால் வரும். மனிதன் செய்த பொம்மையே இவ்வளவு செய்தால் கடவுள் செய்த பொம்மை எவ்வளவு செய்யும் என்று டெகார்ட் எண்ணினார்.

1637இல் லெய்டனில் பெயர் போடாமல் வெளியிட்ட ‘முறைமை பற்றிய உரை’யின் ஐந்தாம் பகுதியில் இதை இரண்டு சோதனைகளாக வைத்தார். ஒன்று பேச்சு: எவ்வளவு மந்தமான மனிதனும் சொற்களைச் சேர்த்துத் தன் எண்ணத்தைத் தெரிவிப்பான், கிளிக்கு ஒலி வரும், எண்ணம் வராது. இரண்டு, புதிய சூழலைச் சமாளிக்கும் பொதுவான அறிவு. ஒரு வேலையில் மனிதனை மிஞ்சும் விலங்கு அடுத்த வேலையில் விழிக்கும்; கடிகாரம் நம்மைவிடச் சரியாக நேரம் காட்டுவது போலத்தான் அது. இந்தக் கருத்து முற்றிலும் புதிதும் அல்ல. ஸ்பானிய மருத்துவர் கோமெஸ் பெரெய்ரா 1554இலேயே விலங்குக்கு உணர்ச்சியில்லை என்று எழுதிவிட்டார். அந்த நூலைத் தான் பார்த்ததில்லை என்று டெகார்ட் சாதித்தார்.

அதே ஐந்தாம் பகுதி எங்கே முடிகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கடவுள் இல்லை என்ற பிழைக்கு அடுத்தபடியாக மனிதரை நல்வழியிலிருந்து தள்ளிவிடக்கூடியது, விலங்கின் ஆன்மாவும் நம்முடையதும் ஒரே இனம் என்று நினைப்பதுதான் என்கிறார் அவர். அப்படி நினைத்தால் ஈக்கும் எறும்புக்கும் போல நமக்கும் சாவுக்குப் பிறகு அஞ்சவோ எதிர்பார்க்கவோ ஒன்றுமில்லை என்றாகிவிடுமாம். கவலை விலங்கைப் பற்றியது அல்ல. நாய்க்குப் பாதி ஆன்மா கொடுத்து வைத்திருந்த பழைய ஏற்பாட்டில் மனிதனின் மீதிப் பாதிக்கு உத்தரவாதமில்லை என்ற அச்சம் அது.

1646இல் நியூகாசில் பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில் அந்த அச்சம் இன்னும் வெளிச்சமாகத் தெரிகிறது. வில்லியம் கேவென்டிஷ் என்ற அந்தப் பிரபு உள்நாட்டுப் போரில் தோற்று ஐரோப்பாவில் நாடோடியாக இருந்தவர். குதிரை பழக்குவதில் மன்னன். பின்னாளில் ஆண்ட்வெர்ப்பில் ஓவியர் ரூபன்ஸ் வாழ்ந்த வீட்டில் குடியிருந்து குதிரைப் பயிற்சி பற்றிப் பெரிய நூலே போட்டார். குதிரைக்கு நினைவும் அச்சமும் கணிப்பும் உண்டென்று அன்றாடம் பார்த்தவர் அவர். அவரிடம் டெகார்ட் வைத்த வாதம் இது: விலங்குகள் நம்மைப் போலச் சிந்தித்தால் நம்மைப் போலச் சாகாத ஆன்மாவும் அவற்றுக்கு இருக்க வேண்டும், சிலவற்றுக்குக் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் கொடுக்க வேண்டும், சிப்பியும் கடற்பஞ்சும் மோட்சம் போகும் என்று யார் நம்புவார்? சிப்பியை மறுப்பதற்காகக் குதிரையையும் மறுக்க வேண்டியதாயிற்று. பிரபுவின் மனைவி மார்கரெட் கேவென்டிஷ் இதைக் கடைசிவரை ஏற்கவில்லை. 1653இல் வந்த தன் கவிதைத் தொகுப்பில் வேட்டைக்குப் பலியாகும் முயலின் பக்கம் நின்று எழுதினார். மீனுக்குக் கடலைப் பற்றி மனிதனைவிட அதிகம் தெரிந்திருக்கலாம் என்ற வகையில் பின்னாளில் வாதாடினார். லண்டன் அவரைக் கிறுக்கு என்றது.

கேம்பிரிட்ஜில் ஹென்றி மோர் என்ற இறையியலாளர் 1648 இறுதியில் நேரடியாகவே எழுதினார். டெகார்ட்டின் மற்றக் கருத்துகளெல்லாம் இனிக்கின்றன, இது மட்டும் கொலைவாள் என்பது அவர் குற்றச்சாட்டு. 1649 பிப்ரவரியில் வந்த பதிலில் இரண்டு விஷயங்கள் இருந்தன. முதலாவது யாரும் எதிர்பாராதது: விலங்குக்கு எண்ணம் இல்லை என்று நிரூபிக்க முடியாது, ஏனெனில் அவற்றின் உள்ளத்துக்குள் நம் மனம் எட்டிப் பார்க்க இயலாது என்று ஒப்புக்கொண்டார். உயிரையோ உடலுறுப்பு சார்ந்த உணர்வையோ தான் மறுக்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். இரண்டாவது: தன் கருத்து விலங்குகளுக்குக் கொடுமை என்பதைவிட மனிதர்களுக்குச் சலுகை, விலங்கைக் கொன்று தின்பதில் குற்றம் உண்டோ என்ற சந்தேகத்திலிருந்து அது அவர்களை விடுவிக்கிறது. சந்தேகமே இல்லாதவனுக்கு விடுதலை எதற்கு? பதினேழாம் நூற்றாண்டின் மனத்தில் ஏதோ உறுத்திக்கொண்டிருந்தது என்பதற்கு இந்த ஒரு வரியைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை. ஓராண்டில் டெகார்ட் ஸ்டாக்ஹோமில் காலமானார்.

நிரூபிக்க முடியாது என்று குரு தயங்கிய இடத்தில் சீடர்கள் தயங்கவில்லை. பாரிசுக்கு வெளியே போர் ராயல் மடத்தைச் சுற்றித் தவ வாழ்க்கை வாழ்ந்த பக்திமான்களிடையே இந்தக் கொள்கை தொற்றுநோயாகப் பரவியதை நிக்கோலா ஃபோந்தேன் தன் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார். நாயை அடிப்பது அங்கே சர்வ சாதாரணம். அது கத்தினால் உள்ளே ஒரு சின்ன விசை எழுப்பும் சத்தம் என்பார்கள். வலிக்கிறதே என்று இரங்குபவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். ரத்த ஓட்டத்தைக் காண விலங்குகளின் நான்கு பாதங்களையும் பலகையில் ஆணியடித்து உயிரோடு அறுத்தார்கள். இவர்கள் முரடர்கள் அல்லர். உலகைத் துறந்து ஜெபத்திலும் நோன்பிலும் காலம் கழித்தவர்கள்.

அந்த வட்டாரத்திலேயே ஒரு மறுப்பும் எழுந்தது. மறுத்தவர் தத்துவஞானி அல்லர், லியான்கூர் பிரபு. அக்காலப் பெரிய சமையலறைகளில் இறைச்சி கோத்த கம்பியைத் தணல் முன் சுழற்ற, சக்கரத்துக்குள் நாயை ஓடவிடுவார்கள். அவர் வீட்டில் அந்த வேலைக்கு இரண்டு நாய்கள், நாள் விட்டு நாள் முறை. ஒருநாள் முறைக்குரிய நாய் ஒளிந்துகொண்டது. சமையற்காரர்கள் மற்றதைப் பிடித்துப் பூட்டப் போனார்கள். அது கத்தியது, பின்னால் வரும்படி வாலால் சாடை காட்டியது, பரணுக்கு ஏறிப்போய் ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்து ஒரு பிடி பிடித்தது. இதுவும் கடிகாரம்தானா என்று அந்தோவான் ஆர்னோவிடம் பிரபு கேட்டார். ஆர்னோ அந்த யுகத்தின் கூர்மையான தர்க்க மூளை. அவரால் சிரிக்க மட்டுமே முடிந்தது என்று ஃபோந்தேன் எழுதுகிறார்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளி வைக்க வேண்டும். உயிரோடு அறுக்கும் பழக்கத்துக்கே டெகார்ட்தான் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். ரத்த ஓட்டத்தை 1628இல் நிறுவிய வில்லியம் ஹார்வி அரிஸ்டாட்டிலின் பக்தர். விலங்குக்கு ஆன்மா உண்டு என்று நம்பியபடியே மான், நாய், பாம்பு, தவளை என்று அறுத்தவர். 1664இல் ராபர்ட் ஹூக் ஒரு நாயின் மார்பைத் திறந்து, துருத்தியால் காற்றூதி ஒரு மணி நேரத்துக்கு மேல் உயிரோடு வைத்திருந்தார். அந்த ஜீவனின் வேதனையைப் பார்த்தபின் இதை மறுபடி செய்ய மனம் வராது என்று ராபர்ட் பாயிலுக்கு எழுதினார். 1667இல் ராயல் சொசைட்டியில் மறுபடி செய்தார். டென்மார்க்கின் உடற்கூறியலாளர் நீல்ஸ் ஸ்டென்சன் இன்னும் வெளிப்படை: நாய்களை இவ்வளவு நேரம் துடிக்கவிடுவது அருவருப்பாக இருக்கிறது, விலங்குக்கு ஆன்மா இல்லை என்று டெகார்ட்டின் ஆட்கள் என்னையும் நம்பவைத்துவிட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்ற பொருளில் தன் ஆசிரியருக்கு எழுதினார். கத்தி முன்பே கையில் இருந்தது. கொள்கை அதற்கு மயக்க மருந்தாக வந்தது, அதுவும் அறுப்பவருக்கு.

நம் நாட்டில் நடந்த ஒரு காட்சியும் இந்தக் கதையில் உண்டு. ஃபிரான்சுவா பெர்னியே பிரெஞ்சு மருத்துவர்; டெகார்ட்டை எதிர்த்து எழுதிய கஸாந்தியின் அருமைச் சீடர். 1650களின் இறுதியில் இந்தியாவுக்கு வந்து முகலாயப் பிரபு தானிஷ்மந்த் கானிடம் வேலைக்கு அமர்ந்தார். கானுக்குப் புதிய ஐரோப்பிய அறிவில் தீராத ஆசை. டெகார்ட்டையும் கஸாந்தியையும் பாரசீகத்தில் சொல்லிக்கொடுத்ததோடு, ரத்த ஓட்டத்தை விளக்க உயிருள்ள ஆட்டையும் அவர் முன்னால் அறுத்துக் காட்டினார் பெர்னியே. வீட்டில் இருந்த பண்டிதர்கள் ஒவ்வொரு முறையும் அலறியடித்து ஓடினார்கள். உடற்கூறே தெரியாதவர்கள் என்பதற்கு உதாரணமாக இதை அவர் பயணநூலில் எழுதினார். விலங்குக்கு உணரும் ஆன்மா உண்டு என்ற பள்ளியில் படித்தவர் அவர். அங்கே அதை நம்பி நடந்துகொண்டவர்கள் ஓடிப்போன பண்டிதர்கள் மட்டுமே என்று எனக்குத் தோன்றுகிறது.

1669இல் பாரிஸ் திரும்பிய பெர்னியே, மதாம் தெ லா சாப்ளியேர் வீட்டு அரட்டைக் கூட்டத்தில் முக்கியப் புள்ளியானார். அதே வீட்டில் இருபது ஆண்டு ஒண்டியிருந்தவர் கதைக்கவிஞர் லா ஃபோந்தேன் (போர் ராயல் ஃபோந்தேன் வேறு). அவர் அந்தச் சீமாட்டிக்கு எழுதிய உரைக்கவிதையில், நரி வருவதைக் கண்டு ஒரு எலி மல்லாந்து முட்டையைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, மற்றது அதன் வாலைப் பிடித்து இழுத்துப் போன கதையைச் சொல்லி டெகார்ட்டை மடக்கினார். மதாம் தெ செவிஞ்ஞே தன் மகளைக் கிண்டல் செய்தார்; மகள் டெகார்ட் கட்சி, தாயிடம் மார்ஃபீஸ் என்றொரு செல்ல நாய். நேசிக்கும் எந்திரம், பொறாமைப்படும் எந்திரம், அஞ்சும் எந்திரம் என்றெல்லாம் உண்டா என்ன என்று 1672இல் கடிதம் போனது. வரவேற்பறைகளில் கொள்கை தோற்றுவிட்டது.

மடங்களில் அது தோற்கவில்லை. அங்கே அதற்கு வேறொரு பயன் இருந்தது. நிக்கோலா மால்பிரான்ஷ் என்ற பாதிரியாரின் வாதத்தைப் பாருங்கள். வேதனை பாவத்தின் கூலி. ஆதாமின் பாவத்தில் விலங்குகளுக்குப் பங்கில்லை. நீதியுள்ள கடவுள் குற்றமற்றவற்றைத் துன்புறுத்த மாட்டார். ஆகவே விலங்குகள் துன்புறுவதில்லை! ஒருவேளை விலக்கப்பட்ட வைக்கோலைத் தின்றிருக்குமோ என்ற நையாண்டி அந்தக் காலத்தில் உலவியது. கடவுளின் நியாயத்தைக் காப்பாற்ற நாயின் வலியை ரத்து செய்தாக வேண்டும். அவர் ஒரு சினை நாயை உதைத்தார், பக்கத்திலிருந்த எழுத்தாளர் ஃபோந்தனெல் பதறியபோது, அதற்கு உணர்ச்சியில்லை என்று தெரியாதா என்று சாதாரணமாகக் கேட்டார் என்பது வாய்வழி வந்த கதை. நடந்ததோ இல்லையோ, அவருடைய வாதத்துக்கு அது விரோதமில்லை.

இந்தச் சிக்கலின் இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்துக் காட்டியவர் ராட்டர்டாமில் அகதியாக வாழ்ந்த பியேர் பெய்ல். 1697இல் வந்த தன் அகராதியில், ரோராரியுஸ் என்ற மறக்கப்பட்ட திருச்சபைத் தூதரின் பெயரில் ஒரு பதிவைத் தொடங்கி, அடிக்குறிப்புகளில் முழு விவகாரத்தையும் கொட்டினார். விலங்கை எந்திரம் என்றால் மதத்துக்கு வசதி, ஆனால் யாராலும் நம்ப முடியாது. உணரும் ஆன்மா உண்டு என்றால் நம்பலாம், ஆனால் அந்த ஆன்மாவுக்கும் நம்முடையதற்கும் நடுவே சுவர் எழுப்ப வழியில்லை. பெய்ல் தீர்ப்புச் சொல்லாமல் எழுந்துவிட்டார்.

தீர்ப்பைச் சொன்னவர் ஆர்டென் பகுதியில் எத்ரெப்பிஞ்ஞி என்ற குக்கிராமத்தின் பங்குத் தந்தை ழான் மெலியே. நாற்பது ஆண்டு ஒழுங்காகப் பூசை வைத்து, ஞானஸ்நானம் கொடுத்து, 1729இல் கண்மூடினார். அவர் விட்டுப்போன கையெழுத்துப் பிரதி, கடவுளும் இல்லை சாகாத ஆன்மாவும் இல்லை என்று நூற்றுக்கணக்கான பக்கங்களில் வாதிட்டது. அதில் டெகார்ட்டின் சீடர்கள்மீது அவருக்கு வந்த கோபம் தனி ரகம். உங்கள் மாடும் ஆடும் உணர்வற்ற பொறிகள் என்று குடியானவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள் என்றார். கோழி, பன்றி அறுப்பதைக் கண்டால் தனக்குக் குலைநடுங்கும் என்றார். விழாக்களில் பூனைகளை உயிரோடு கொளுத்தி வேடிக்கை பார்க்கும் வழக்கத்தைச் சபித்தார். டெகார்ட் எதைக் கண்டு பயந்தாரோ, அதை மெலியே இரு கையாலும் வாங்கிக்கொண்டார்: விலங்குக்கு என்ன ஆன்மாவோ அதுதான் நமக்கும், இரண்டும் சாகும். வோல்தேர் 1762இல் இதன் சுருக்கத்தை வெளியிட்டபோது நாத்திகத்தை வெட்டியெறிந்துவிட்டு வெளியிட்டார்.

1739ஆம் ஆண்டு வேடிக்கையான ஆண்டு. வோகான்சன் பாரிசில் தன் எந்திர வாத்தைக் காட்சிக்கு வைத்தார். அது தானியம் கொத்தி, செரித்து, கழிப்பதாக ஊர் நம்பியது. கழிவு ஏற்கெனவே உள்ளே வைத்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. அதே ஆண்டில் பூழான் என்ற இயேசு சபைப் பாதிரியார், விலங்குகளின் மொழியைப் பற்றி விளையாட்டாக ஒரு சிறு நூல் எழுதி, விலங்குகளுக்குள் இருப்பவை தண்டனைக் காலம் கழிக்கும் பிசாசுகள் என்றார். சபை சிரிக்கவில்லை. அவரை லா ஃப்ளெஷ் கல்லூரிக்கு அனுப்பிவைத்தது. டெகார்ட் சிறுவனாகப் படித்த கல்லூரி அது.

கடைசி அடி ஒரு மருத்துவரிடமிருந்து வந்தது. ழூலியன் லா மெத்ரி, லெய்டனில் படித்தவர், படை மருத்துவர். 1744இல் போர்முனையில் கடுங்காய்ச்சலில் கிடந்தபோது, உடம்பு தளரத் தளர எண்ணமும் தளர்வதைத் தன்னிடமே கவனித்தார். 1747 இறுதியில் லெய்டனில் பெயரில்லாமல் ‘மனித எந்திரம்’ வெளிவந்தது. விலங்கு எந்திரம் என்று காட்டிய டெகார்ட்டுக்கு நன்றி சொன்னார் லா மெத்ரி. மீதி வேலையைத் தான் முடித்துவிட்டதாக அறிவித்தார். டெகார்ட்டின் பேச்சுச் சோதனைக்கும் பதில் வைத்திருந்தார்: காது கேளாதோருக்குப் பேச்சுப் பயிற்றிய அம்மான் என்ற மருத்துவரின் முறையில் ஒரு குரங்குக்கு வாயைத் திறக்கக் கற்றுக்கொடுத்துப் பார்க்கலாமே? சகிப்புக்குப் பேர்போன ஹாலந்தே கொதித்தது. பிரஷ்யாவின் ஃபிரெடெரிக் மன்னரிடம் ஓடித் தஞ்சமடைந்து, நான்கு ஆண்டுக்குள், ஒரு விருந்தில் இறைச்சிப் பணியாரத்தை அளவுக்கு மீறித் தின்றபின் நோயுற்றுச் செத்தார்.

குறும்புக்காக அந்த நூலை அவர் காணிக்கை ஆக்கியது ஆல்பிரெஹ்ட் ஃபன் ஹாலருக்கு. ஹாலர் கோட்டிங்கன் பேராசிரியர், தீவிர பக்தர். அவமானத்தில் குமுறியவர், உடம்பின் எந்தப் பகுதி வெறுமனே சுருங்குகிறது, எந்தப் பகுதி உண்மையிலேயே வலியை உணர்கிறது என்று பரிசோதனையால் பிரித்துக் காட்ட முனைந்தார். 1751இல் தொடங்கி 190 விலங்குகளை அறுத்தார், குத்தினார், சுட்டார், அமிலம் ஊற்றினார். கத்துகிறதா, திமிறுகிறதா என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். இந்தக் கொடுமை தனக்கே வெறுப்பாக இருப்பதாகவும், மனித குலத்தின் நன்மைக்காகப் பொறுத்துக்கொண்டதாகவும் முன்னுரையில் எழுதினார். வலிக்காது என்பதற்காக அல்ல, வலிக்கும் என்பதற்காகவே அந்த 190ம் அவர் மேஜைக்கு வந்தன. ஆன்மா இருக்கிறதா என்ற கேள்வியைக் கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

அடுத்த இதழில் லண்டனுக்குப் போவோம்: 1789இல் ஜெரமி பெந்தம் ஒரு அடிக்குறிப்பில் எழுதியது, 1822இல் ரிச்சர்ட் மார்ட்டின் நாடாளுமன்றத்தில் சட்டமாக்கியது, அந்தச் சட்டத்தில் நாய்க்கு இடம் கிடைக்காமல் போனது ஏன் என்பது.

(தொடரும்)